வரிசையில் ஐந்தாவது கேள்வி

கத்தரி துணிக்கு ஓர் அங்குலம் மேலே நின்றுகொண்டிருந்தது. அப்படி நின்று பதினொரு நிமிடம் ஆகியிருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன், கூட்டிச் சொல்லவில்லை. துணிக்குச் சொந்தக்காரியான நர்ஸ் அம்மா டூட்டிக்கு நேரமாகிவிட்டதால் ஒரு காலை வாசற்படியிலும் ஒரு காலைக் கடைக்குள்ளும் வைத்திருந்தார். வெட்டு மேசைக்கு அந்தப் பக்கம், துணி வெட்டும் பெண், நாங்கள் கிணறு என்று கூப்பிடுபவள், நின்றுகொண்டு, துணியைப் பார்க்கிறாளா துணிக்குக் கீழே இருக்கும் மேசையைப் பார்க்கிறாளா, அதற்கும் கீழே பூமியைப் பார்க்கிறாளா என்று சொல்ல முடியாத ஒரு பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஏதாவது பிரச்சனையா?" நர்ஸ் அம்மா என் காதருகே வந்து கேட்டார். ஆஸ்பத்திரியில் நோயாளியின் சொந்தக்காரர்கள் அவரிடம் எந்தக் குரலில் கேட்பார்களோ, அதே குரல்.

"ஒன்னுமில்லைங்க. யோசிக்கிறா."

"என்னத்த?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்க உக்காந்து பட்டன் தைக்கிறேன்" என்றார் மூலையிலிருந்து காஜா அக்கா.

என் கடை சின்னக் கடை. இரண்டு தையல் மெஷின், ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக், ஒரு வெட்டு மேசை, போட்டுப் பார்ப்பதற்குத் திரை மறைத்த ஒரு மூலை, மூன்று பெண்கள். நான் தைப்பேன், பேசுவேன். பட்டன் துளைக்குக் காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் காஜா அக்காவின் வேலை. வயது ஐம்பத்திரண்டு, உலகத்தில் எதைப் பற்றிக் கேட்டாலும் ஊசியில் நூல் கோர்க்கும் முன்பே அபிப்பிராயம் வந்துவிடும். வெட்டுவது கிணறு. முப்பத்தாறு வயது. ஐந்து வருடத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தப் பெயரை வைத்தது காஜா அக்காதான். "இவ கிட்ட ஒன்னு கேட்டா, கல்லைப் போட்டுட்டு காதைத் தீட்டிக்கிட்டு நிக்கணும். எப்பவாச்சும் தொபுக்குன்னு கேக்கும்" என்றார். பெயரைக் கேட்டு அவள் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, "சரி, கூப்பிடுங்க" என்றாள்.

அவள் வருவதற்கு முன்னால் நானேதான் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கல்யாணப் பெண்ணின் உடுப்புக்கு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே, இரண்டு இடது கை வெட்டி வைத்தேன். அந்தப் பெண் அழுத அழுகையைப் பார்த்தபின் கத்தரியைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். இப்போது கடையில் ஒரே சட்டம்: கிணறு தலையை ஆட்டாமல் எந்தத் துணி மேலும் கத்தரி இறங்காது. ஐந்து வருடத்தில் ஒரு துணிகூட வீணானதில்லை. ஆனால் எத்தனை பேருடைய பொறுமை வீணானது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

யோசிக்கிற ஆள் பக்கத்தில் இருப்பது ஒரு மாதிரியான அனுபவம். அவள் ஒன்றுமே செய்வதில்லை, சும்மா நிற்கிறாள். ஆனால் எதிரில் நிற்பவருக்கு எங்கிருந்தோ ஒரு குறுகுறுப்பு வந்துவிடுகிறது. பத்தில் ஒன்பது பேர் என்னிடம் கேட்பது, "என்னைப் பத்தியா யோசிக்கிறாங்க?" என்றுதான். ஒரு வக்கீல், கோர்ட்டில் எதையும் ஒப்புக்கொண்டே பழக்கமில்லாதவர், கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தவர், அவள் டேப்பைப் பிடித்தபடி மூன்று நிமிடம் பேசாமல் நின்றதில், "ஆமாங்க, நாலு மாசமா வாக்கிங் போறதில்ல, வீட்டுல போறேன்னு சொல்லிட்டு டீக்கடையில உக்காந்துட்டு வரேன்" என்று கொட்டிவிட்டார். அவர் சொன்னதை அவள் கேட்டதாகக்கூடத் தெரியவில்லை.

என் நிலைமை இன்னும் மோசம். நான் பேச்சை வைத்தே பிழைப்பவள். அவள் முன்னால் ஏதாவது பேசி முடித்ததும், நான் பேசியது கரும்பலகையில் எழுதிப் போட்டது மாதிரி எனக்கே தெரிய ஆரம்பிக்கும். இதையா சொன்னோம் என்று கூச்சமாக இருக்கும். எரிச்சல் வரும். அதே சமயம் வெளியில் போனால், "எங்க கடையில ஒருத்தி இருக்கா, என்னா மூளைங்கறீங்க" என்று பெருமை அடித்துக்கொள்வேன். ஒருநாள் முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே இருந்தாளே என்று, என்னடி யோசிக்கிறே என்று கேட்டுவிட்டேன். "பாக்கெட்" என்றாள். ஆம்பிளைகள் உடுப்பில் ஏழு எட்டு பாக்கெட் இருக்கிறதே, நம்முடையதில் ஏன் ஒன்றுகூட இல்லை, நாம் எதையும் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று யார் முடிவு செய்தது என்று யோசித்தாளாம். அப்புறம் இரண்டு நாள் எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. தைத்துக்கொடுத்த ஒவ்வொரு உடுப்பையும் பார்த்துக் குற்ற உணர்ச்சியாகிவிட்டது. இதெல்லாம் தேவையா எனக்கு?

இப்படிப்பட்டவளிடம்தான் என் வாழ்க்கையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எங்கள் கடைக்கு நேர் எதிரே கண்ணாடிக் கடை. மூக்குக் கண்ணாடி. அதை நடத்துபவர் மனைவி இறந்து ஒன்பது வருடமாகத் தனியாக இருப்பவர். சுறுசுறுப்பானவர். நாள் முழுக்க மனிதர்களை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணில் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா? ஒன்னா, ரெண்டா?" என்று கேட்பவர். பதில் சட்டென்று வரவேண்டும் அவருக்கு. வரவில்லை என்றால் அடுத்த வில்லை.

போன திங்கட்கிழமை, ஊசிக்காது தெரியவில்லையே என்று கண்ணைச் சோதிக்கப் போனேன். இரும்புச் சட்டத்தை மூக்கில் மாட்டி, ஒரு கண்ணை மூடி, டக் டக்கென்று வில்லைகளை மாற்றிக்கொண்டே வந்தார். "ஒன்னா, ரெண்டா?" "ரெண்டு." "ஒன்னா, ரெண்டா?" "ஒன்னு." அதே குரலில், அதே வேகத்தில், "நான் எதிர்க்கடையில இருக்கறது நல்லா இருக்கா, உங்க வீட்டுல இருந்தா நல்லா இருக்குமா? ஒன்னா, ரெண்டா?" என்றார்.

எனக்கு ஒற்றைக் கண்ணில் அவர் முகம் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. காது சிவந்திருந்தது. இந்த மனிதர் இதைச் சொல்ல எத்தனை நாள் ஒத்திகை பார்த்தாரோ என்று தோன்றி, நெஞ்சில் என்னமோ செய்தது. பிடித்திருந்தது, உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்? ஆனால் இருபத்திரண்டு வயதில் ஒருத்தர் இதே கேள்வியைக் கேட்டபோது, தும்மல் வந்து முடிகிற நேரத்துக்குள் சரி என்று சொன்னவள் நான். ஆறு வருடம் கழித்து அவர் கிளம்பிப் போனார். போகும்போது அயர்ன் பாக்ஸையும் தூக்கிக்கொண்டு போனார். மறுநாள் எனக்கு பதினாலு சட்டை டெலிவரி இருந்தது. அன்றிலிருந்து என் முடிவுகளில் எனக்கே நம்பிக்கை கிடையாது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். பிறந்ததிலிருந்து நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"தாராளமா. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு" என்றார். பக்கத்து ஊரில் அவர் தம்பி பெரிய கடை போடுகிறாராம். கூட வந்துவிடு என்கிறாராம். வெள்ளி மூன்று மணி பஸ்ஸில் போய்க் கையெழுத்துப் போட்டால் அங்கேயே தங்கிவிட வேண்டியதுதான். "நீங்க ரெண்டுன்னு சொன்னா போகமாட்டேன்." பிறகு, கையெழுத்துக்குப் போட்டுக்கொண்டு போக வாங்கிய புது பேன்ட்டை நீட்டி, நீளம் குறைக்க வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமைக்குத்தான். அந்தக் கேள்வி கேட்ட கையோடு பேன்ட் கொடுக்கிற மனிதரை என்ன சொல்வது?

கடைக்குத் திரும்பியதும் நேராக வெட்டு மேசைக்குப் போய், எல்லாவற்றையும் கிணற்றிடம் கொட்டினேன். "சரின்னு சொல்லட்டுமா? நீ சொல்லு. துணி மாதிரிதான் இதுவும். வெட்டிட்டா ஒட்ட முடியாது."

அவள் என்னைப் பார்த்தாள். பேன்ட்டைப் பார்த்தாள். "யோசிச்சுச் சொல்றேன்கா" என்றாள்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் நான் துணியைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தேன். சாக்பீஸால் கோடு போடும்போது புருவம் ஏறினால், ஐயோ என்றிருக்கும். தண்ணீர் குடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டால், சரிதான், நல்ல பதில்தான் என்று நினைத்துக்கொள்வேன். காஜா அக்காவோ காலையில் கட்டிக்கொள் என்றார், பதினொரு மணிக்கு, இந்த வயதில் இன்னொருத்தர் சட்டையைத் துவைக்கணுமா என்றார், சாப்பிட்ட பிறகு, "கட்டிக்க. ஆனா கடைக்குள்ள மட்டும் விடாத" என்று மத்தியஸ்தம் செய்தார். மாலைக்குள் பன்னிரண்டு அபிப்பிராயம் ஆகிவிட்டது. அவருடைய பன்னிரண்டையும் சேர்த்தாலும் கிணற்றின் ஒரு தலையாட்டலுக்கு ஈடாகவில்லை. அதுதான் வேடிக்கை. வாயைத் திறக்காதவர் சொல்லப்போவதற்கு மட்டும் எப்படியோ எடை கூடிவிடுகிறது.

புதன்கிழமை மத்தியானம், கண்ணாடிக்காரரின் பேன்ட்டில் ஒரு காலை மட்டும் வெட்டிவிட்டு, அவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"அக்கா. நல்லா யோசிச்சுட்டேன். வேண்டாம்."

மெஷினை மிதித்துக்கொண்டிருந்த என் கால் தானாக நின்றது. "வேண்டாமா?"

"வேண்டாம்கா. இப்ப இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளிடம் ஏன் என்று கேட்டால் அதற்குத் தனியாக யோசிக்கப் போவாள். எழுந்தேன், செருப்பை மாட்டினேன், தெருவைத் தாண்டினேன். நல்லதுதான், தப்பித்தோம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு போனேன். ஆனால் தெருவின் நடுவில் நின்றுவிட்டேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது. பைக்கில் வந்த ஒருவன் திட்டிவிட்டுப் போனான். அது ஒரு விதத்தில் உதவியாக இருந்தது.

"ஒன்னுங்க" என்றேன் கண்ணாடிக்காரரிடம். "எதிர்க்கடையிலயே... அதாவது, எங்க வீட்டுல வேண்டாம்."

அவர் இரண்டு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "சரிங்க" என்றார். கையிலிருந்த ஃபிரேமைத் துடைத்தார். துடைத்ததையே இன்னொரு தடவை துடைத்தார். "பேன்ட் வெள்ளிக்கிழமை ரெடியாயிடுமில்ல?"

அன்று சாயங்காலம் ஒரு சட்டையின் கழுத்துப்பட்டியைத் தலைகீழாக வைத்துத் தைத்தேன். பிரித்துத் தைத்தேன். மறுபடியும் தலைகீழ்.

வியாழக்கிழமை காலை நூல் சுற்றிய ஒரு பாபின் உருண்டு வெட்டு மேசைக்கு அடியில் போய்விட்டது. எடுப்பதற்காக நானும் காஜா அக்காவும் மேசையை ஜன்னல் பக்கமாக இழுத்தோம். கிணறு அவசரமாக வந்து மேசையின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அதான் வேண்டாம்னு சொன்னேனேக்கா."

"என்ன வேண்டாம்னு சொன்னே?"

"மேசையை ஜன்னல் பக்கம் போடலாமான்னு கேட்டீங்களே. அங்க வெயில் விழுந்தா சாக்பீஸ் கோடு தெரியாது. நேத்துதானே சொன்னேன், இப்ப இருக்கற மாதிரியே இருக்கட்டும்னு."

"எப்ப நான் கேட்டது?"

"போன மழைக்கு."

பாபின் இருந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்று நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். காஜா அக்கா வாயிலிருந்த நூலைத் துப்பிவிட்டு, "அடிப்பாவி" என்றார். பட்டன் டப்பாவைக் கவிழ்த்ததுகூடத் தெரியாமல் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து வருடமாக ஒன்றாக இருந்திருக்கிறோம், இந்தப் பெண் கேள்விகளை வரிசையில் நிற்கவைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவளிடமிருந்து எப்போதாவது வந்த பதில்களை எல்லாம் அன்றன்றைய கேள்விக்கு என்று எடுத்துக்கொண்டு, நான் என்னென்ன செய்து வைத்திருக்கிறேனோ!

"வரிசையில இன்னும் என்ன இருக்கு?" என்றேன்.

விரலை மடக்கினாள். மேசை முதலாவது, அது முடிந்தது. இரண்டாவது, ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டரை ஏற்றுக்கொள்ளலாமா.

"அந்த ஸ்கூலையே மூடிட்டாங்கடி! வாபஸ்."

மூன்றாவது, பின்பக்கம் வரும் பூனையைக் கடைக்குள் விடலாமா.

"அது உள்ள வந்து, குட்டி போட்டு, குட்டியும் பெரிசாகிப் போயாச்சு. வாபஸ்."

நாலாவதைச் சொல்லும் முன் கொஞ்சம் தயங்கினாள். "நீங்க ஒருநாள் ஒரு கவுனுக்குத் தப்பா ஜிப் வச்சுட்டு, தலையில அடிச்சுக்கிட்டு, நான் ஏன் இப்படி இருக்கேன்னு கேட்டீங்க."

காஜா அக்காவின் சிரிப்பு நின்றது.

"அது கேள்வி இல்லடி. வாய் தவறி வர்றது. எல்லாரும் சொல்றதுதான். அதையும் வாபஸ் வாங்கிக்கறேன். அஞ்சாவதுக்கு வா. நாளைக்கு மூணு மணிக்கு அந்த மனுஷன் பஸ் ஏறிடுவார்."

"முடியாதுக்கா. நாலாவது பாதியில இருக்கு. அது முடியாம அஞ்சாவதுக்குப் போக முடியாது. ரெண்டும் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டு இருக்கு."

"பாதி வரைக்கும் என்ன வந்திருக்கு? அதையாவது சொல்லேன்."

"பாதி வெட்டின துணியை யாராவது போட்டுப் பாப்பாங்களாக்கா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவள் மேல் மட்டுமா? என் மேல்தான் அதிகம். ஒருத்தி என்னைப் பற்றி மாதக் கணக்கில், வேலை மெனக்கெட்டு யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். என் பெற்றோர்கூட இத்தனை நேரம் யோசித்திருக்க மாட்டார்கள். அதை நினைத்தால் கோபத்தோடு கூடவே கண்ணும் கலங்கியது. இதைவிட அநியாயம் என்ன இருக்கிறது, நிம்மதியாகக் கோபப்படக்கூட விடவில்லை அவள்.

"நீ பொறுமையா யோசி. நான் போறேன்" என்று, டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்காமலேயே தெருவில் இறங்கினேன்.

கண்ணாடிக் கடையில் சோதனை நாற்காலியில் ஸ்கூல் வேன் டிரைவர் உட்கார்ந்திருந்தார், மூக்கில் அந்த இரும்புச் சட்டம். நான் எதையும் பார்க்கும் நிலையில் இல்லை.

"நேத்து நான் சொன்னது மேசைக்கான பதிலுங்க" என்றேன்.

கண்ணாடிக்காரர் வில்லையைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"எங்க வெட்டு மேசையை நகர்த்தக் கூடாதுன்னு அவ சொன்னதை உங்களை வேண்டாம்னு சொன்னதா நினைச்சுட்டேன். என் பதில் அது இல்ல. என் பதில் ரெண்டு. நானே சொல்றேன், யாரையும் கேக்கல. நேத்து சொன்னது தெளிவா இருக்கா, இப்ப சொல்றது தெளிவா இருக்கா? ஒன்னா, ரெண்டா?"

"எனக்கு இதுலயே நல்லாத் தெரியுதுங்க" என்றார் வேன் டிரைவர், நடுவில் இருந்து எழுந்து போய்விடும் ஆசையில்.

கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றினார். அது இல்லாமல் அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. யாரோ தூங்கி எழுந்தது மாதிரி இருந்தது. ஒன்றா இரண்டா என்று ஊரையே கேட்டவர், ஒரு நிமிடம் நின்றார். இரண்டு நிமிடம் நின்றார்.

"யோசிச்சுச் சொல்றேங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை முழுவதும் எதிர்க்கடையில் வியாபாரமே நடக்கவில்லை. அவர் சோதனை நாற்காலியில் தானே உட்கார்ந்து, எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கடையிலிருந்து நன்றாகத் தெரிந்தது. "தொத்து வியாதி மாதிரி பரவுதுடி" என்றார் காஜா அக்கா. என்ன யோசிக்கிறார் என்று நினைக்கிறாய் என்று கிணற்றிடம் கேட்க வாயைத் திறந்து, அது ஆறாவதாகிவிடும் என்று மூடிக்கொண்டேன்.

இரண்டே காலுக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு வந்தார். கையில் பயணப் பை. பையைப் பார்த்ததும் பதில் தெரிந்துவிட்டது என்று காஜா அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். ஆனால் அவர் என்னைத் தாண்டிப் போனார். மேசையருகே போய், "பேன்ட் வாங்கிக்கலாம்னு" என்றார்.

கிணறு பேன்ட்டை எடுத்து மேசையில் விரித்தாள். ஒரு கால் குட்டையாக, மடித்து, அயர்ன் செய்து, அழகாக இருந்தது. இன்னொரு கால் அப்படியே நீளமாகக் கிடந்தது.

"ஒரு கால் முடிஞ்சுது" என்றாள். "நீங்க நிக்கறப்ப எடது பக்கமா சாயறீங்க. அதனால ரெண்டு காலும் ஒரே அளவு வெட்ட முடியாது. இன்னொன்னுக்கு யோசிக்கணும்."

"எவ்வளவு நேரமாகும்?"

கிணறு கத்தரியை எடுத்தாள்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்து, பையைக் காலடியில் வைத்தார். மறுபடியும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பஸ் நிலையம் இங்கிருந்து கால் மணி நேர நடை. இரண்டரை ஆனது. இரண்டு முப்பத்தெட்டு ஆனது. காஜா அக்கா ஏதோ சொல்லப் போனார். நான் முறைத்த முறைப்பில், ஐந்து வருடத்தில் முதல் தடவையாக, சொல்லாமலேயே விட்டுவிட்டார்.

கிணறு இப்போது பேன்ட்டைத்தான் யோசிக்கிறாளா, நாலாவது கேள்வியிலேயே நிற்கிறாளா, அல்லது ஐந்தாவதற்கு வந்துவிட்டாளா, எனக்குத் தெரியாது. மெஷின் ஊசியின் கீழே துணியை வைத்துக்கொண்டு, மிதிக்காமல், நான் அவள் கையையே பார்த்தேன். இத்தனை வருடம் இறங்கு இறங்கு என்று எத்தனை பேரோடு சேர்ந்து நானும் மனதுக்குள் கத்தியிருக்கிறேன்; இன்றுதான் இறங்காதே என்று.

"அவசரமில்லைங்க" என்றார் பெஞ்சிலிருந்தவர், யாரிடம் சொல்கிறார் என்று தெரியாமல். "நல்லா யோசிச்சே வெட்டுங்க."

இரண்டு நாற்பத்தாறு. கத்தரி வாயைத் திறந்தபடி, துணிக்கு ஓர் அங்குலம் மேலே நின்றுகொண்டிருந்தது.